மச்சினன் கையில் அத்தான் சர்க்கரை

முத்திரை சார் என்றால் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். எடையளவுத் துறை ஆய்வாளர். கடைகடையாக ஏறி இறங்கித் தராசைச் சோதிப்பார். சரியாக நின்றால் முத்திரை குத்துவார், இல்லையென்றால் அங்கேயே கட்டி சீல் வைத்துவிடுவார். இருபத்தாறு வருஷ சர்வீஸ். தட்டுக்கு அடியில் சூயிங்கம் ஒட்டுவது, காந்தம் வைப்பது, மேஜையின் ஒரு காலை அரை விரல் உயர்த்துவது என்று எடையில் எத்தனை தில்லுமுல்லு உண்டோ அத்தனையும் அவருக்கு அத்துப்படி. ஏமாற்றுகிறவனுக்கே தெரியாத நுணுக்கம்கூட அவருக்குத் தெரியும். அந்தப் படிப்பெல்லாம் கடைசியில் யாரை ஏமாற்றப் பயன்பட்டது என்பதை இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவரே சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கிற நிலைமைக்கு வர அவருக்கு ஏழெட்டு மாதம் பிடித்தது.

அவருக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. அதற்கு ஒரு வாரம் முன்னால் முற்றும் துறந்த முனிவராகிவிடுவார். மீதி பதினோரு வாரமும் வாய்க்கு விடுமுறை கிடையாது. 'இனிப்பைத் தொடுவதே இல்லை டாக்டர்' என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வார். டாக்டரம்மா அவரை மேலும் கீழும் பார்ப்பார். நல்ல மனுஷி, ஆனால் சிரிக்கவே மாட்டார்.

அன்றைக்கு அவர் மேஜையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருந்தது.

"புதுசா ஒரு சென்சார் வந்திருக்கு. சோதனையில இருக்கு. இஷ்டப்பட்ட நோயாளிங்களுக்கு மூணு மாசம் ஒட்டிப் பாக்கிறோம். உங்களைச் சேத்துக்கட்டுமா?"

சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரியது. காகிதக் கனம். திருப்பிப் பார்த்தால் நடுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு முனை.

"இதுல இருக்கிறது நானோ துகள். ஒரு தலைமுடியோட கனத்தை எண்பதாயிரம் பங்கு போட்டா ஒரு பங்கு எவ்வளவோ, அந்தக் கணக்குல அளக்கிற சமாச்சாரம். தோலுக்கு அடியில ஊறுற நீர்ல இருக்கிற சர்க்கரை இந்தத் துகள் மேல பட்டா துளி மின்சாரம் உண்டாகும். அதை வெச்சு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் நம்பர் சொல்லும். ஒரு பட்டன் பத்து நாள் வரும்."

முத்திரை சாருக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "பிழை எவ்வளவு டாக்டர்?"

"நூத்துக்கு ஒன்பது, முன்னே பின்னே."

"எங்க ஆபீஸ்ல ஒன்பது சதவீதம் பிழைன்னா கடையையே இழுத்து மூடிருவோம்."

"உங்க நாக்கோட பிழை எவ்வளவுன்னு போன ரிப்போர்ட்ல பாத்தேன். அதுக்கு இது பரவாயில்லை. கையெழுத்துப் போடுங்க."

போட்டார். இடது கை மேற்புறத்தில் பட்டன் உட்கார்ந்தது. எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. கூடவே சோதனைக்காரர்கள் ஒரு சின்ன போனும் கொடுத்தார்கள். பட்டனுக்குப் பத்தடிக்குள் அந்தப் போன் இருக்க வேண்டும். நம்பர் அதில் விழுந்து, அங்கிருந்து வீட்டில் யார் யார் கேட்கிறார்களோ அவர்கள் போனுக்கும் போகும். இருநூறைத் தாண்டினால் எல்லாப் போனும் கத்தும்.

வீட்டில் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருத்தி, பல் மருத்துவமனையில் முன்மேஜை பார்க்கிற அவர் மனைவி. இன்னொருத்தி, வெளியூரில் படிக்கிற மகள். மகள் அன்றைக்கே போனில், "அப்பா, இனிமே நீங்க கண்ணாடி வீட்டுக்குள்ள" என்றாள். அவர் சிரித்தார். வீட்டில் ஒரு புது முத்திரை ஆய்வாளர் வந்து இறங்கியிருக்கிறார், அதுவும் தன் கையிலேயே, என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு வாரத்தில் உறைத்தது. பேக்கரியில் வைத்து.

பேக்கரித் தராசு கிலோவுக்குப் பதினைந்து கிராம் கூட்டிக் காட்டியது. முத்திரை சார் எடைக்கற்களை வரிசையாக வைத்து மூன்று முறை சோதித்தார். பேக்கரிக்காரர் பெரிய மனதோடு தட்டில் கேக் துண்டு ஒன்றை வைத்து நீட்டினார். மேலே வெண்ணெய்க் கிரீம், நடுவில் ஜாம். 'வேண்டாம்' என்று அவர் சொன்னது வாஸ்தவம். மூன்றாம் முறை சொல்வதற்குள் வாயில் கேக் இருந்தது. சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்து, முகத்தைக் கடுகடுப்பாக்கிக்கொண்டு நோட்டீஸ் எழுத உட்கார்ந்தார். "எடையில் மோசடி செய்தது தொடர்பாக" என்று எழுதும்போது சட்டைப்பையில் இருந்த சின்ன போன் தீயணைப்பு வண்டி மாதிரி அலறியது. அதை அமுக்கப் போய், தன் சொந்தப் போனில் வந்த அழைப்பைப் பதற்றத்தில் எடுத்தார். விரல் ஒலிபெருக்கியில் பட்டுவிட்டது.

"என்ன தின்னீங்க?" என்றாள் மனைவி, கடை முழுக்கக் கேட்கும்படி.

"ஒண்ணுமில்லையே."

"இருநூத்தி இருபத்தாறு! நம்பர் பக்கத்துல அம்பு நேரா மேல பாத்து நிக்குது! பொய் சொல்லாதீங்க, வாயில என்ன?"

ரொட்டி வாங்க வந்த இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பேக்கரிக்காரர் மட்டும் குனிந்து கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் தோள் குலுங்கியது. முத்திரை சார் நோட்டீஸைக் கொடுத்துவிட்டு, மீசையில் கிரீம் ஒட்டியிருந்தது தெரியாமலேயே அடுத்த இரண்டு கடைகளையும் சோதித்துவிட்டு வந்தார்.

மானம் போனதும் மனிதனுக்கு மூளை வேலை செய்யும். அவர் மூளையும் செய்தது. பெட்டியில் இன்னும் பட்டன்கள் இருந்தன. சனிக்கிழமை பழையதைக் கழற்றிப் புதியதை ஒட்ட வேண்டும். அதைத் தன் கையில்தான் ஒட்ட வேண்டும் என்று பட்டனுக்குத் தெரியுமா என்ன?

வீட்டின் மேல் அறையில் மனைவியின் தம்பி இருந்தான். பள்ளிக்கூடத்தில் கைப்பந்துப் பயிற்சியாளன், எல்லோருக்கும் கோச். முப்பத்தொன்பது வயது, கல்யாணம் காட்சி என்று எதுவும் வேண்டாமென்று இருந்துவிட்டவன். காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், மாலையில் மைதானம். வயிறு என்ற ஒன்று இருந்ததற்கான அடையாளமே கிடையாது. போதாக்குறைக்குக் கடந்த இரண்டு மாதத்தில் இன்னும் ஆறு கிலோ இளைத்திருந்தான். மூன்று மாடி இறங்கினாலே மூச்சு வாங்குகிற முத்திரை சாருக்கு அவனைப் பார்த்தால் வயிறு எரியும். இப்படி ஒரு உடம்பு வீட்டிலேயே சும்மா கிடக்கும்போது சர்க்கரைக்கு ஏன் பயப்பட வேண்டும்?

"மாப்ளே, ஒரு உதவி. பத்தே பத்து நாள்."

கோச் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். "அத்தான், அக்காவுக்குத் தெரிஞ்சா உங்களை இல்லை, என்னைத்தான் முதல்ல வெட்டுவா."

"தெரியாது. முழுக்கைச் சட்டை போட்டுக்கிறேன். நீயும் போட்டுக்கோ. இந்த வாரம் ஊர் பூரா சோதனை, கடைக்குக் கடை இது கத்தினா நான் எப்படி வேலை பாக்கிறது?"

பாதி உண்மை. கலப்படத்தில் பாதி உண்மை சேர்ப்பதுதான் நல்ல சரக்கு என்பது அவர் தொழிலில் படித்த பாடம். கோச் கையை நீட்டினான். பட்டன் ஏறியது. சின்ன போன் அவன் விளையாட்டுப் பைக்குள் போயிற்று, சத்தத்தை அடக்கிவிட்டு.

திங்கட்கிழமை மதியம் முத்திரை சார் விடுதலை பெற்ற கைதி மாதிரி நடந்தார். ஊரின் மறுகோடியில், தன்னை யாருக்கும் தெரியாத ஒரு கடையில் உட்கார்ந்து பெரிய கோப்பையில் ஐஸ்கிரீம் வாங்கினார். சாக்லேட் ஊற்றியது. பாதி சாப்பிட்டிருப்பார். போன் அடித்தது.

"இருநூத்தி நாப்பது," என்றாள் மனைவி. "எங்க உக்காந்து என்னத்தை முழுங்கிட்டு இருக்கீங்க?"

கரண்டி கையிலிருந்து நழுவியது. சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தார். பட்டன் இல்லை. அக்கம்பக்கம் பார்த்தார். மேஜைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். பட்டன் நான்கு மைல் தள்ளி மச்சினன் கையில் இருக்கிறது, ஐஸ்கிரீம் தன் வாயில் இருக்கிறது, நம்பர் எப்படி வந்தது? நானோ என்றால் காற்றிலேயே மோப்பம் பிடிக்குமோ என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்ததாக அவரே ஒத்துக்கொள்கிறார்.

சாயங்காலம் மாடிக்கு ஓடினார்.

"மாப்ளே, மத்தியானம் என்ன சாப்பிட்டே?"

"ரெண்டு ரொட்டி, முட்டை, ஒரு பழம். ஏன்?"

"பழமா? பழத்தை ஏன்டா தின்னே? என் மானத்தை வாங்கறியே!"

பட்டன் கோளாறு என்றே அவருக்குத் தோன்றியது. ஒன்பது சதவீதப் பிழை என்று டாக்டரே சொல்லியிருக்கிறாரே. இது தொண்ணூறு சதவீதப் பிழை போலிருக்கிறது. ஆனால் யாரிடம் புகார் சொல்வது? சொன்னால் 'எந்தக் கையில் ஒட்டினீர்கள்' என்பதுதான் முதல் கேள்வியாக வரும். எனவே கைவசம் இருந்த ஒரே வழியை எடுத்தார். மச்சினனைப் பத்தியம் இருக்கச் சொன்னார்.

"எனக்காக ஒரு வாரம் வாயைக் கட்டு மாப்ளே. பழம் வேண்டாம். ரொட்டி ஒண்ணு போதும்."

"சர்க்கரை உங்களுக்கு, பத்தியம் எனக்கா?" என்றான் கோச். ஆனாலும் இருந்தான். அக்கா புருஷன் என்றால் அவனுக்கு அவ்வளவு பிரியம். அந்தப் பிரியம்தான் முத்திரை சாருக்குப் பிற்பாடு முள்ளாகக் குத்தியது.

நம்பர் இறங்கவில்லை. காலையில் வெறும் வயிற்றில் இருநூற்றைம்பது. மைதானத்திலிருந்து வந்தால் இருநூற்றெண்பது. அத்தனைக்கும் பாட்டு இவருக்கு விழுந்தது. மனைவி வீட்டில் இருந்த சர்க்கரை டப்பாவை எடுத்துத் தன் அலுவலகத்துக்கே கொண்டுபோய்விட்டாள். தட்டில் விழுவது கால்வாசியானது. ராத்திரிக்கு வெள்ளரிக்காயும் வெறும் சூப்பும். விடியற்காலையில் உலுக்கி எழுப்பி நடக்க விரட்டினாள். மகள் நாளுக்கு மூன்று தடவை போன் செய்து அழுகிற குரலில் கேட்டாள்: "ஏம்பா இப்படிப் பண்றீங்க? எங்களுக்காகவாவது கொஞ்சம் கட்டுப்பாடா இருக்கக் கூடாதா?"

ஒரு கேக்கை மறைக்கப் போய், அவர் வாழ்க்கையிலேயே இல்லாத கடும் பத்தியத்தில் மாட்டிக்கொண்டார். பேக்கரிக்காரர் இதைக் கேள்விப்பட்டால் சந்தோஷத்தில் கடைக்கு லீவு விட்டிருப்பார்.

ஏழாம் நாள் டாக்டரம்மாவின் குரல் மனைவி போனில் வந்தது. நம்பர்கள் மோசமாகப் போகின்றன, மாத்திரையை இரண்டாக்குங்கள், திங்கட்கிழமை நேரில் வாருங்கள். மனைவி தண்ணீர் டம்ளரோடு எதிரே நின்றாள். "வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க." உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. முத்திரை சார் நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

மறுநாள் ஒரு பெட்ரோல் பங்க்கில் சோதனை. ஐந்து லிட்டர் அளவுக் கலனை வைத்து, குழாய் சரியாக ஊற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். கலனின் கழுத்தில் இருக்கிற கோடு அவருக்கு இரண்டாகத் தெரிந்தது. அப்புறம் மூன்றாக. வெயிலே இல்லை, சட்டை தொப்பலாக நனைந்தது. கை ஆடுகிற ஆட்டத்தில் பேனா எழுதவில்லை. கால் துவண்டு எண்ணெய் டப்பாக்கள் மேல் சாய்ந்தார்.

பங்க்கில் வேலை செய்கிற பெண் ஒருத்தி ஓடி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "சார், உங்களுக்குச் சர்க்கரை இருக்கா? எங்கப்பாவுக்கு இறங்கினா இப்படித்தான் ஆகும்." தான் குடிக்க வைத்திருந்த ஆரஞ்சு பானத்தை அவர் வாயில் வைத்தாள். பாதி பாட்டில் இறங்கியதும் கோடு மறுபடி ஒன்றாயிற்று.

அப்போதுதான் மனைவி அழைத்தாள். "இருநூத்தித் தொண்ணூறு. இப்ப என்ன குடிக்கிறீங்க?"

முத்திரை சார் போனை அணைத்துவிட்டுப் பாட்டிலில் மிச்சமிருந்ததையும் குடித்தார். தன் உடம்பில் சர்க்கரை பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, தன் பெயரில் இருக்கிற நம்பர் மலை மேல் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பிசகியிருந்தால் மனைவி கடைசியாகச் சொன்னது 'இன்னொரு மாத்திரை போடுங்க' என்பதாக இருந்திருக்கும்.

அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தார். அலமாரியில் பழைய சோதனைக் கருவி கிடந்தது, விரலில் குத்தி ரத்தம் பார்ப்பது. குத்தினார். எழுபத்தாறு. ஆரஞ்சு குடித்த பிறகும் எழுபத்தாறு. பட்டனின் யோக்கியதை இதுதானா என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது கோச் உள்ளே வந்தான். வழக்கத்தை விட இரண்டு மணி நேரம் முன்னால். மாடிப்படியில் ஏறியவன் நான்காம் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன மாப்ளே?"

"ஒண்ணுமில்லை அத்தான். ஒரே அசதி. வயித்தைப் பிரட்டுது. அந்தத் தண்ணி பாட்டிலைக் கொடுங்க."

ஒரு லிட்டர் பாட்டில். ஒரே மூச்சில் காலி செய்தான். இன்னும் கேட்டான். முத்திரை சார் அவன் முகத்தை அப்போதுதான் நன்றாகப் பார்த்தார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. பக்கத்தில் குனிந்தபோது அவன் மூச்சில் அழுகிய பழ வாசனை அடித்தது. இவன் இளைப்பதைப் பார்த்து இரண்டு மாதமாகப் பொறாமைப்பட்டிருக்கிறார். ராத்திரியெல்லாம் மாடிக் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்கு எரிந்து விழுந்திருக்கிறார். ஒரு நாள்கூட ஏன் என்று கேட்கவில்லை.

"கையை நீட்டு," என்றார். அவன் விரலிலும் குத்தினார்.

நானூற்று முப்பத்தொன்று. அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வேறு விரலில் குத்தினார். நானூற்று முப்பத்தேழு.

பட்டனில் ஒரு கோளாறும் இல்லை. எட்டு நாளாக ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அது உண்மையைத்தான் கத்திக்கொண்டிருந்தது. கேட்க வேண்டிய ஆள் காதில் அதை விழவிடாமல் பார்த்துக்கொண்டவர் இவர்தான். போதாததற்கு நோயாளியைப் பட்டினி வேறு போட்டிருக்கிறார்.

மனைவிக்குப் போன் செய்ய எடுத்தார். அந்த நேரத்திலும் அவர் புத்தி போன போக்கைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். 'தம்பிக்கு வயிற்று வலி, ஆஸ்பத்திரிக்கு வா' என்று மட்டும் சொன்னால் என்ன? போகிற வழியில் பட்டனைப் பிய்த்து எறிந்துவிடலாம். அங்கே எப்படியும் ரத்தம் பார்ப்பார்கள், எப்படியும் கண்டுபிடிப்பார்கள். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. போன் மூன்று தடவை அடிக்கிற நேரம் அந்த யோசனை அவரோடு இருந்தது. கோச் படியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். யோசனை போய்விட்டது.

"நான் சொல்றதை முழுசாக் கேளு," என்றார். "பட்டன் என் கையில இல்லை. எட்டு நாளா உன் தம்பி கையில இருக்கு. நான்தான் ஒட்டினேன். அந்த நம்பர் பூரா அவனோடது. இப்ப நானூத்தி முப்பது. டாக்சிக்குச் சொல்லிட்டேன்."

மறுமுனையில் பல் குடைகிற இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒருவர் 'என் முறை எப்போ வரும்' என்று கேட்பதும் கேட்டது.

"அவன் பேசறானா?" என்றாள்.

"பேசறான்."

"நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துர்றேன். அவனைப் பேச வெச்சுக்கிட்டே வாங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்."

ஒருவனைப் பேச வைக்க வேண்டும், தான் பேசக் கூடாது. டாக்சியில் இதை எப்படிச் செய்வது என்று தெரியாமல் முத்திரை சார் திண்டாடினார். கடைசியில் கைப்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று கேட்டுவைத்தார். "உங்க வீட்டுல ஒன்பது வருஷமா இருக்கேன், இப்பத்தான் கேக்கறீங்க," என்றான் கோச், கண்ணைத் திறக்காமலே.

டாக்டரம்மா அன்றைக்கும் சிரிக்கவில்லை. கோச்சின் உடம்பு இன்சுலின் சுரப்பதையே கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது என்றார். ஒல்லியாக இருக்கிறவர்களுக்கும், ஓடுகிறவர்களுக்கும் இது வரும். ரத்தத்தில் அமிலம் ஏற ஆரம்பித்துவிட்டது. இன்னும் இரண்டு மூன்று நாள் போயிருந்தால் மைதானத்திலேயே நினைவு தப்பி விழுந்திருப்பான். சொல்லிவிட்டு முத்திரை சார் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு நான் மாத்திரையை ரெண்டாக்கினேன். நீங்க பெட்ரோல் பங்க்கில செத்திருக்கலாம், தெரியுமா? என் கையெழுத்துல."

"தெரியும் டாக்டர்."

"சோதனையிலேர்ந்து உங்களை எடுத்துட்டேன். எட்டு நாள் நம்பரும் பொய்னு ஆயிடுச்சு. என்ன நடந்ததுன்னு உங்க கைப்பட எழுதிக் கொடுங்க."

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதினார். குற்றச்சாட்டு எழுதி எழுதிப் பழகிய கை. 'மேற்படி நபர் திட்டமிட்டு, அளவுக் கருவியின் உண்மையான பயன்பாட்டை மறைத்து' என்று தன்னாலேயே ஓடியது. யாரோ ஒரு கடைக்காரனைப் பற்றி எழுதுவது போல் சரளமாக இரண்டு பக்கம் வந்தது. முடிவில் 'மேற்படி நபர்' என்று இருந்த இடத்திலெல்லாம் அடித்துவிட்டு 'நான்' என்று போட வேண்டியிருந்தது. பதினான்கு இடம். அதற்குத்தான் நேரம் பிடித்தது.

மனைவி மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் வராந்தாவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னை ஏமாத்தினதுகூடப் போகட்டும். என் தம்பி நம்பரைப் பாத்துப் பாத்து உங்களுக்காக அழுதேன். வேலை நேரத்துல பாத்ரூமுக்குள்ள போய் அழுதேன். சர்க்கரை டப்பாவைத் தூக்கிட்டுப் போனேன். அவன் மேல மாடியில கிடந்தான். ஒரு டம்ளர் தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கலையே நான்."

இந்தக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்கிறவர் இந்த இடம் வந்தால் மட்டும் தண்ணீர் கேட்பார்.

இதற்குள் ஊரில் வேறு கதை பரவியிருந்தது. பரப்பியவன் கோச். ஊசி போட்டுத் தெளிந்ததும், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் 'எங்க அத்தான் தன்னோட சென்சாரை எனக்கு ஒட்டி, என் உயிரைக் காப்பாத்திட்டார்' என்று சொல்லிக்கொண்டிருந்தான். பள்ளித் தலைமையாசிரியை நான்கு ஆசிரியர்களோடு, பெரிய பூங்கொத்தோடு வந்தார். பூங்கொத்தை நோயாளியிடம் கொடுக்காமல் முத்திரை சார் கையில் கொடுத்தார்.

"உங்களை மாதிரி ஒருத்தர் குடும்பத்துல இருக்கிறது பெரிய பாக்கியம் சார். எப்படிச் சந்தேகம் வந்துச்சு உங்களுக்கு?"

முத்திரை சார் பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டிலில் கோச் கண்ணைக் காட்டினான், பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள் என்று. ஜன்னலோரம் மனைவி கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை, ஆனால் மடிப்பது நின்றிருந்தது. நல்ல பெயர் தானாக வந்து மடியில் விழுகிறது. ஒரு 'ஆமாம்' போதும்.

"சந்தேகமெல்லாம் வரலைங்க," என்றார். "நான் கேக் தின்னா இவளுக்குத் தெரியக் கூடாதுன்னு இவன் கையில ஒட்டினேன். இவன் நம்பர் ஏறினதும் இவனைப் பட்டினி போட்டேன். அப்படியும் இறங்கலைன்னு மெஷின் மேல பழி போட்டேன். நான் காப்பாத்தலைங்க. ஏமாத்தப் போனேன், அதுலயும் தோத்துட்டேன்."

தலைமையாசிரியை வாயைத் திறந்தார், மூடினார். ஒரு ஆசிரியர் இருமினார். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்தார். பூங்கொத்தைத் திருப்பி வாங்குவதா வேண்டாமா என்று அந்தம்மாவுக்குத் தெரியவில்லை. முத்திரை சாரே அதை மெதுவாக மேஜையில் வைத்தார். ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

"ஏன் அத்தான்," என்றான் கோச், "வீடு தேடி வந்த நல்ல பேரை இப்படியா விரட்டி அடிப்பாங்க?"

ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த மனைவியின் முதுகு குலுங்கியது. முத்திரை சார் பயந்துபோய்ப் பக்கத்தில் போனார். "அழறியா?"

"தலைமையாசிரியை மூஞ்சியைப் பாத்தீங்களா?" என்றாள். அதற்கு மேல் சொல்ல முடியாமல் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் இருந்தது. அது எதற்கு வந்த தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை.

கோச் ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தான். இப்போது வேளைக்கு ஊசி போட்டுக்கொள்கிறான், மறுபடி ஓடுகிறான். சோதனை முடிந்து அந்தப் பட்டன் மருந்துக்கடைக்கே வந்துவிட்டது. அவன் கையில் ஒன்று, முத்திரை சார் கையில் ஒன்று. ஒட்டுகிற அன்று மனைவி பக்கத்தில் நிற்பாள், பட்டன் மேல் பேனாவால் ஒரு கையெழுத்துப் போடுவாள், கழற்றினால் தெரியும்படி. முத்திரை குத்துகிறவருக்கே முத்திரை. மூன்று மாத ரிப்போர்ட் முன்னைவிடப் பரவாயில்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னால் டாக்டரம்மா நம்ப மாட்டார், அதனால் இவரும் சொல்வதில்லை.

மனைவியின் போனில் இப்போது இரண்டு நம்பர் ஓடுகிறது. ஒன்றுக்கு மேல் 'தம்பி' என்று போட்டிருக்கிறாள். மற்றதற்கு மேல் 'மேற்படி நபர்'. டாக்டரம்மா அந்த இரண்டு பக்கத்தை அவளுக்கும் படிக்கக் கொடுத்திருக்கிறார். பெயரை மாற்றச் சொல்லி முத்திரை சார் ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். "இதையும் பதினாலு இடத்துல அடிச்சுத் திருத்தணுமா?" என்றாள். அதோடு விட்டுவிட்டார்.